சேற்றுக்கும் ஊர் உண்டு

டாங்கி மாடல் செய்பவர்கள் மத்தியில் ஒரு வியாதி பரவிக் கிடக்கிறது. அதன் பெயர் துரு. துண்டு துண்டாக வந்த பிளாஸ்டிக்கை ஒட்டி முடித்து, பச்சை பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் காயாததுமாக ஆரம்பிக்கிறார்கள். வண்டி முழுக்க ஆரஞ்சுத் துரு, சக்கரம் மூழ்கும் அளவுக்குப் பழுப்புச் சேறு, பீரங்கிக் குழாய் முழுக்கக் கரி. இதற்கு "வெதரிங்" என்று பெயர். வெயில், மழை, புழுதி பட்டு வண்டி பழசான தோற்றத்தை வரவழைப்பது. நல்ல வேலைதான். ஆனால் எந்த வெயில், எந்த மழை, எந்த ஊர்ப் புழுதி என்று ஒருத்தராவது கேட்டால்தானே!

ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்தில் உட்கார்ந்து செய்தாலும் சரி, கனடாவில் உட்கார்ந்து செய்தாலும் சரி, கடைசியில் வருவது அதே ஐரோப்பியச் சேறு. குப்பியில் அடைத்து விற்கிற சேறு. வாசலில் சும்மா கிடக்கிற மண்ணை மிதித்துக்கொண்டே போய்க் கடையில் மண் வாங்குகிற கூத்து.

"அட, பொம்மைக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி?" என்று சிலர் சிரிப்பார்கள். நியாயமான கேள்விதான். ஜப்பானின் தமியா நிறுவனம் 1961-ல் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி கிட்டை வெளியிட்டபோது, உள்ளே பாட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு அளவை வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 1/35 என்று வந்தது. இன்று உலகம் முழுக்க டாங்கி மாடலுக்கு அதுவே பொது அளவு. ஆக, இந்தப் பொழுதுபோக்கின் வேரே பொம்மைதான். மறுக்கவில்லை :-)

ஆனால் அந்தப் பொம்மைக்குக் கீழே "அசல் உத்தர், 1965" என்று ஒரு பலகை வைத்த நிமிடமே அது பொம்மை இல்லை, சாட்சி. சாட்சி பொய் சொல்லக்கூடாது.

முதலில் துரு. ஓடுகிற டாங்கியில் துரு அதிகம் தங்காது. பெயின்ட் இருக்கிறது, துடைக்க ஆட்கள் இருக்கிறார்கள். புகைபோக்கியில் துரு வரும், ஒத்துக்கொள்ளலாம். சங்கிலிப் பட்டையோ ஓட ஓடத் தரையில் உரசிப் பளபளக்கும். நிறுத்தி வைத்தால்தான் துரு ஏறும். நேற்று வரை ஓடிய வண்டி என்று சொல்லிக்கொண்டு பட்டை முழுக்க ஆரஞ்சு பூசினால், அது போர்க்களம் இல்லை, காயலான் கடை.

அடுத்தது சேறு. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் நடந்த அசல் உத்தர் சண்டையில் சேறு வெறும் அலங்காரம் அல்ல. சண்டையின் முடிவையே தீர்மானித்த விஷயங்களில் ஒன்று. இந்தியத் தரப்பு வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சி நிலத்தைச் சதுப்பாக்கி வைத்தது. கரும்புக் காட்டுக்குள் மறைந்திருந்த செஞ்சூரியன்களும் ஷெர்மன்களும், சேற்றில் திணறிய பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்தன. அங்கே பாட்டன் மீது இருக்க வேண்டியது ஆற்றுச் சமவெளியின் வண்டல் சேறு. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் நின்றுபோன டாங்கிகளின் மீது இருக்க வேண்டியது தார் பாலைவனத்து மணல். இரண்டுக்கும் ஒரே குப்பியைத் திறப்பவர் இரண்டு சண்டைகளையும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கடைசியாகக் கரி. இதில்தான் கோபமே வருகிறது. "கொஞ்சம் கரி போட்டால் லுக் நல்லா இருக்கும்" என்கிறார்கள். டாங்கியின் மேல்மூடியைச் சுற்றிக் கரி இருக்கிறது என்றால் உள்ளே தீப்பிடித்தது என்று பொருள். உள்ளே மனிதர்கள் இருந்தார்கள். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில், தீப்பிடித்த செஞ்சூரியனை விட்டு இறங்க மறுத்துச் சண்டையைத் தொடர்ந்து உயிர் விட்ட அருண் கேத்ரபாலுக்கு வயது 21. ஒரு கல்லூரி மாணவனின் வயது. பரம்வீர் சக்ரா அவர் இறந்த பிறகு வந்தது. கரி பூசத் தூரிகையை எடுப்பவர், எந்த வண்டி, எந்த நாள், உள்ளே யார் என்று தெரிந்துகொண்டு பூசட்டும். தெரியாதென்றால் கையை வைக்காமல் இருக்கட்டும்.

"கலை ஐயா இது, கலைக்குச் சுதந்திரம் வேண்டாமா?" என்பார்கள். தாராளமாக. கற்பனை டாங்கி செய்யுங்கள், ஊதா கலர் அடியுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. வருஷத்தையும் ஊர்ப்பேரையும் எழுதிவிட்டுக் கற்பனை செய்வதுதான் தப்பு.

சரி, செம்மநத்தத்து மண்ணுக்கு எந்த டாங்கி பொருந்தும்? சேர்வராயன் மலை உச்சிகளில் பாக்சைட் படிந்து கிடக்கிறது, மேட்டுநிலமெங்கும் செம்மண். மேலே சொன்ன எந்தச் சண்டைக்கும் இது உதவாது. அதை பாட்டன் மேல் தூவினால் அதுவும் பொய்தான். ஆனால் பொருந்துகிற ஒரு வண்டி இருக்கிறது. அதைச் செய்யத்தான் ஆளில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. பிறகு செய்து குவித்த கைகள் ஆவடிக் கைகள். 105 மி.மீ. பீரங்கி, பக்கத்துக்கு ஆறு சக்கரம். இப்போது படையில் இல்லை. பல ஊர்களில் நினைவுச் சின்னமாக, மேலே மேலே அடித்த பளபளப்புப் பெயின்டோடு நிற்கிறது. ஆவடிக்கு அருகில் செங்குன்றம் இருக்கிறது. மண்ணின் நிறம் ஊர்ப்பேரிலேயே இருக்கிறது. தொழிற்சாலையை விட்டு வந்து முதல் ஓட்டம் ஓடிய விஜயந்தா, புதுப் பச்சை பெயின்ட், சக்கரங்களில் மட்டும் மெல்லிய செம்புழுதி. துரு இல்லை, கரி இல்லை, யாரும் சாகவில்லை. அந்த மாடலை ஐரோப்பியக் குப்பியால் செய்ய முடியாது. மலைச் செம்மண்ணால் முடியும்.

டைகரும் பாந்தரும் கிடைக்கிற சுலபத்தில் விஜயந்தா கிட் கிடைக்காது. பிளாஸ்டிக் அட்டையை வெட்டிச் செய்ய வேண்டியிருக்கும். 1/35 அளவில் குழாயோடு சேர்த்து ஏறக்குறைய 28 செ.மீ. நீளம் வரும். மண்ணை வாணலியில் வறுத்து ஈரமும் பூஞ்சையும் போக்கி, இடித்து, வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். 1 மி.மீ. மணல் துகள் இந்த அளவில் 35 மி.மீ. சரளைக்கல் என்பது நினைவிருக்கட்டும். ஏற்காட்டில் மூட்டம் இறங்கும் நாளில் லாக்கர் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். வெயில் வரும் வரை பொறுக்க வேண்டும்.

ஹிட்லர் படையின் டைகருக்கு எத்தனை போல்ட் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் பையன்களுக்கு, சொந்த மாநிலத்துத் தொழிலாளிகள் செய்த டாங்கிக்கு எத்தனை சக்கரம் என்று தெரியவில்லை. வெதரிங் தெரியாததை மன்னிக்கலாம். இதை மன்னிப்பது கஷ்டம்.