பெற்றவர் பெயர் இருக்கிறது; ஒப்புதல் தந்தவர் பெயர்?

தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியில், திராட்சைப் பந்தலின் நிழலில் நின்றபடி ஒரு குத்தகை விவசாயி என் கைப்பேசியைக் கூர்ந்து பார்த்தார். பிஎம்-கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், கிராமம் எனத் தேர்ந்தெடுத்தால் பயனாளிகளின் பட்டியல் வரும். அவர் பெயர் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உரிமையாளருக்குத்தான், குத்தகைக்கு உழுபவருக்கு அல்ல. ஆனால் ஒவ்வொரு பெயரையும் வாசித்து, இன்னார் தோட்டம் கிணற்றுப் பாசனம், இன்னார் வயல் பெரியாற்றுப் பாசனம் என்று சொல்லிக்கொண்டே போனார். “இப்படி ஒரு லிஸ்ட் இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியும் சார்” என்றார்.

அவரைப் போன்றவர்கள் 2020-இல் இப்பட்டியலை வாசித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். அந்த ஆண்டு விவசாயிகள் தாமே பதிவு செய்துகொள்ளும் வசதியைப் பயன்படுத்தி, தமிழகத்தில் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். வேளாண் துறையின் கடவுச்சொற்கள் தனியார் கணினி மையங்களின் கைக்குப் போயிருந்தன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பாதிப்பு அதிகம். முறைகேட்டின் அளவு ஏறத்தாழ 110 கோடி ரூபாய் என அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் அறிவித்தார், சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர்.

இத்தனைக்கும் இது மூடிவைத்த திட்டம் அல்ல. பெயர்ப் பட்டியல் பொதுவெளியில்தான் இருந்தது. அப்படியிருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? பட்டியல் பணம் பெற்றவரைக் காட்டியது. எந்த அலுவலகம், எந்தக் கடவுச்சொல், எந்த நாளில் அவரைத் தகுதியுடையவர் என்று ஏற்றது என்பதைக் காட்டவில்லை. பிடிபட்டபோது வங்கிக் கணக்கிலிருந்து 2,000, 4,000 என்று திரும்ப எடுக்கப்பட்டவர்களில் பலர், விவசாயி என்று தம்மைப் பதிவு செய்திருப்பதே தெரியாத ஏழைகள். பெயர் வெளியானதும் அவர்களுடையதுதான்.

நாடு முழுவதும் 20.48 லட்சம் தகுதியற்றோருக்கு 1,364 கோடி ரூபாய் சென்றது என்பதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டதால்தான் வெளிவந்தது. 2005-ஆம் ஆண்டின் அச்சட்டம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பொதுநலன் கருதி வெளியிட வழிசெய்யும் 8(2) இன்னும் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும், கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரைக் கேட்டால் இனி எந்தப் பிரிவு முதலில் நினைவுக்கு வரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அந்தரங்க உரிமையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல், வேளாண் மானியம் பெற்ற தனிநபர்களின் பெயர்களை வரம்பின்றி வெளியிடுவது செல்லாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் புதிய விதி வகுத்தது: சிறு விவசாயிகளுக்கான வரம்புக்குள், அதிகபட்சம் 1,250 யூரோ வரை, பெறுபவரின் பெயர் மறைக்கப்படும், அதற்கு மேல் வெளியிடப்படும். நாமோ 6,000 ரூபாய் பெறுபவரை ஊரறியக் காட்டுகிறோம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. அங்கே பணம் போவது குழாய் பதிக்கும் நிறுவனத்துக்கு. விவசாயியின் பெயருக்குப் பக்கத்திலேயே நிறுவனம், தொகை, ஆய்வு செய்த அலுவலரின் பதவி மூன்றும் இருக்க வேண்டாமா?

நூறு நாள் வேலைத் திட்டத்துக்குக் கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டமே விதித்தது. வேளாண் மானியங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடத்தான் செய்கிறது. அன்று பட்டியலை உரக்க வாசிக்க அரை மணி நேரம் ஆகலாம். எந்த நிலம் யாருடையது என்பதை ராயப்பன்பட்டியில் அந்தக் குத்தகை விவசாயி பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.