வேலை இல்லாமலும் சைக்கிள் மிதிக்கலாமே!

எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர், ஞாயிறுதோறும் விடியற்காலையில் சைக்கிளில் ஊருக்கு வெளியே போய் வருகிறோம். "எதுக்கு?" என்று கேட்காதவர்களே இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம் என் பிறந்த ஊர். 1991ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொள்ளவும் ஏற்பாடு செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் மணியடித்துக் கொண்டு சைக்கிள் ஊர்வலம் வந்தார்களாம்.

என் அம்மாவும் அந்தச் சமயத்தில் கற்றுக் கொண்டவர்தான். அவர் வாங்கியது லேடீஸ் சைக்கிள் இல்லை, ஆண்கள் ஓட்டும் சைக்கிள். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதுதான் காரணம். அப்படி உட்கார்ந்து போன மூன்று வயதுப் பிள்ளை நான். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் இருக்கும்.

2005ல் ப்ளஸ் ஒன் சேர்ந்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள் எனக்கும் கிடைத்தது. இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போய் வந்தேன். கல்யாணம் ஆனதும் அதைத் தம்பி எடுத்துக் கொண்டான். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, நான் உள்பட.

போன வருடம், பக்கத்து வீட்டு அக்கா தன் மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் சும்மா கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தார். "நீயும் வாயேன், கண்மாய்க்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். இரண்டு பேர் நாலானோம், நாலு ஏழாயிற்று. யாரும் புது சைக்கிள் வாங்கவில்லை. எல்லாம் பிள்ளைகள் ஓட்டி விட்டுப் போட்டவைதான்.

வீட்டில் சும்மா இருப்பார்களா? "ரேஷனுக்குப் போறியா, போ. மார்க்கெட்டுக்குப் போறியா, போ. காரியம் இல்லாம சுத்தறதுக்கு எதுக்கு சைக்கிள்?" என்றார் என் மாமியார். என் கணவர், "அப்போ டிபன்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

அம்மா சிரித்தார். "அந்த சைக்கிள்ல நான் சுமக்காத சுமை இல்லடி. ஆனா இப்ப எனக்கு ஞாபகம் வர்றது குடம் இல்ல. பழகின நாள்ல பொட்டல்ல ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து, வயிறு வலிக்கச் சிரிச்சோமே, அதுதான். அப்புறம் எல்லாரும் அவங்கவங்க வேலைக்குத்தான் மிதிச்சோம். சேர்ந்து ஒரு நாளும் போகல" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது.

போன மாதம் சித்தன்னவாசல் போனோம். எங்கள் தெருவிலிருந்து ஏறக்குறைய 16 கி.மீ. தைல மரக்காட்டு வாசனையும் குளிர்ந்த காற்றுமாக, பேசிக்கொண்டே போனோம். வழியில் ஒருத்தியின் துப்பட்டா செயினில் மாட்டிக் கொள்ள, அதை எடுக்க கால்மணி நேரம். டீக்கடைக்காரர், "எந்தக் கட்சி ஊர்வலம்மா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு. திரும்பும்போது ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அப்போது எங்களில் மூத்தவரான அம்மா ஒருவர், "அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. கோயில், ரேஷன் கடை தவிர நான் வெளியே வந்தது இந்த சைக்கிள்லதான்" என்றார். தெருவில் தினம் பார்க்கிறோம். ஆனால் அவர் மனசை அந்த மேட்டில்தான் கேட்டோம். ஸ்கூட்டியில் விர்ரென்று போனால் இந்தப் பேச்சு வருமா?

வேலைக்கென்றால் பெண் எவ்வளவு தூரம் மிதித்தாலும் யாரும் கேட்பதில்லை. தனக்கென்று இரண்டு மணி நேரம் மிதித்தால் மட்டும் காரணம் கேட்கிறார்கள். அந்தக் காரணத்தைத் தேடித் தேடியே நம்மில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்து விடுகிறோம். காரணமே வேண்டாம் தோழிகளே!

கிளம்ப நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள்: முதலில் நாலைந்து கி.மீ. போதும். வெயில் ஏறுவதற்குள் திரும்பி விடுங்கள். முதல் நாளே காற்றும் பிரேக்கும் பார்த்து வையுங்கள். துப்பட்டாவை இறுக்கி முடிந்து கொள்ளுங்கள். பெரிய ரோட்டில் பக்கத்தில் பக்கத்தில் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பேச்செல்லாம் கிராமத்து ரோட்டில் வைத்துக் கொள்ளலாம். முக்கியமாக, மெதுவாக மிதிப்பவரை முன்னால் விடுங்கள். கடைசியில் வருபவரை விட்டு விட்டுப் போவதில்லை என்பதுதான் எங்கள் ஒரே சட்டம்.

டிபன் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மாவு சனிக்கிழமையே தயார். ஞாயிறன்று இட்லிப் பானையை என் கணவர்தான் அடுப்பில் ஏற்றுகிறார். யார் ஏற்றினாலும் இட்லி வேகத்தான் செய்கிறது!

அடுத்த மாதம் அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறார். முழங்கால் வலி என்பதால் கண்மாய்க்கரை வரைக்கும் போதும் என்று சொல்லியிருக்கிறார். அவருக்காக ஒரு சைக்கிளுக்கு இப்போதே காற்றடித்து வைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, புதுக்கோட்டை.