பதின்மூன்று வயதில் தொலையும் வாசகர்



‘சொந்தக் காசில் போட்ட புத்தகம்தானே’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மலேசியத் தமிழில் அப்படிப் போடாத புத்தகம் எத்தனை என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தமிழகத்திலும் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே ஏற்று நடத்தி, அதில் தம் நாவல்களை வெளியிட்டார். அவர் எழுதியவை 115 நாவல்கள். பதிப்பாளர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தால் பாதியாவது வந்திருக்குமா?

‘இளையோருக்கு ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், நானே போடலாமா?’ என்று கேட்டு வருபவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது கிறிஸ்டோபர் பாவ்லினியின் கதையை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். வீட்டிலேயே படித்து, 15 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ‘எரகான்’ என்ற டிராகன் கதையை எழுத உட்கார்ந்தார். எழுத ஓராண்டு, திருத்தி எழுத இன்னோர் ஆண்டு. பிறகு பெற்றோர் செம்மைப்படுத்தினார்கள். அட்டைக்கு மகனே படம் வரைந்தார். 2002இல் குடும்பமே பதிப்பகமாகி நூலைக் கொண்டுவந்தது.

நம்மூரில் என்றால் அடுத்தது வெளியீட்டு விழா. மண்டபம், குத்துவிளக்கு, தலைமையுரை, உறையில் பணம் வைத்து முதல் நூலை வாங்கும் பிரமுகர். அச்சுக்கூலி தேறிவிடும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் 14 வயதுப் பிள்ளையைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால், தமிழ்வாழ்த்துப் பாட அழைத்து வந்ததாக இருக்கும். விற்ற பிரதிகள் பெரியவர்களின் கண்ணாடி அலமாரிக்குப் போகின்றன. மிச்சம் மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

பாவ்லினியோ, வாசகரைத் தேடி, சிவப்புச் சட்டையும் தொளதொளத்த கறுப்புக் கால்சட்டையும் முழங்கால்வரை கயிறு கட்டிய பூட்ஸும் மாட்டிக்கொண்டு, தலையில் கறுப்புத் தொப்பியோடு, அந்தக் கால வீரனைப்போலப் பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போனார். மொத்தம் 135க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். பதின்பருவத்தின் கடைசியில் இருக்கும் ஒரு பையன், தன் வயதுக்காரர்கள் முன்னால் அந்த வேடத்தில் நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! புத்தகம் விற்றால்தான் வீட்டில் சாப்பாடு என்ற நிலை இருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படி விற்ற பிரதிகளில் ஒன்று எழுத்தாளர் கார்ல் ஹையாசனுடைய மனைவியின் மகன் கைக்குப் போனது. பையனுக்குக் கதை பிடித்துவிட்டது. ஹையாசன் தம் பதிப்பகமான நாஃபிடம் சொன்னார். 2003 ஆகஸ்டில் நூல் மறுபடி வந்தது, அந்தத் தொடர் மூன்றரைக் கோடிப் பிரதிகளையும் தாண்டியது. பரிந்துரைத்தது விமர்சகரோ பேராசிரியரோ இல்லை, ஒரு சிறுவன்.

இதன் மறுபக்கமாக அமாண்டா ஹாக்கிங்கையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் கிண்டிலில் தாமே நாவல்களை ஏற்றி, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றவர், மறு ஆண்டே நான்கு நூல்களுக்கு 20 லட்சம் டாலர் பேசி ஒரு பதிப்பகத்தில் சேர்ந்துகொண்டார். அட்டை, பிழைதிருத்தம், மின்னஞ்சல் என்று எழுதும் நேரமெல்லாம் கரைகிறது என்பது அவர் சொன்ன காரணம். தனியாகப் போடுவதைச் சுதந்திரம் என்று மட்டும் நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஜொகூரில் நமக்குள்ள சிக்கல் வேறு. ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி. இடைநிலைப்பள்ளியில், படிவம் ஒன்றில், பதின்மூன்று வயதில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது, அதையும் கேட்டு வாங்க வேண்டிய பள்ளிகள் உண்டு. இளையோர் நாவலை யாருக்காக எழுதுகிறோமோ அவர் சரியாக அந்த வயதில்தான் தமிழ்ப் புத்தகத்தைக் கீழே வைக்கிறார். பெர்மாஸ் ஜெயாவிலும் மாசாயிலும் பிள்ளைகள் படிக்காமல் இல்லை, மாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். சிறுவர்களுக்கு ‘மர்மக் குகையும் ஓர் இரகசியமும்’ போன்ற நாவல்களை நம் கே. பாலமுருகன் எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வயதுக்கான தட்டு ஏறக்குறையக் காலி.

ஆகவே எழுதி வைத்திருப்பவர்கள் தயங்காமல் போடுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்தில் வாங்குங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க மறந்துவிடாதீர்கள். செம்மையாக்கம் செய்ய ஒருவரை வைத்து, அவருக்குக் கூலி கொடுங்கள். மண்டப வாடகையை மிச்சம் பிடித்தாலே அதற்குப் போதும்.

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்மொழிக் கழகக் கூட்டத்தில் ஒரு நாவலாசிரியருக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்கு ஒரு வரி எழுதினால் போதும், ஆளை நாங்கள் அனுப்பிவைக்கிறோம். வேடம் போட்டு வரவேண்டும் என்றால் அதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
பெர்மாஸ் ஜெயா