அட்டவணையைக் கொஞ்சம் மூடி வைப்போமா?

உயர்தர பௌதிகவியல் பிள்ளைகளிடம் அல்பா, பீற்றா, காமா என்று தொடங்கினால் போதும். மிச்சத்தை அவர்களே ஒப்புவித்து விடுவார்கள். அயனாக்கும் வலு அல்பாவுக்குக் கூட, காமாவுக்குக் குறைவு. ஊடுருவும் வலு அதற்கு மறுதலை. "இதை யார் பார்த்தது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பிள்ளைகளில் பிழை சொல்ல முடியாது. சந்தையில் விற்கும் பாடக்குறிப்புகள் எல்லாம் அட்டவணையோடு நின்றுவிடுகின்றன.

பார்க்க முடியும் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது. மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் சீ.ஆர்-39 என்ற பிளாஸ்டிக்கில் ஓர் அல்பாத் துணிக்கை புகுந்தால், போகும் வழியெல்லாம் இலத்திரன்களைப் பிடுங்கி, பல்பகுதியச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டு போகும். அந்தக் காயம் சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாத அளவு மெல்லியது. அந்தத் துண்டை 70 பாகை அளவில் சூடான கோஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணித்தியாலம் போட்டு வைத்தால், காயப்பட்ட இடம் மட்டும் வேகமாகக் கரைந்து கூம்பு போல ஒரு குழி விழும். இப்போது பாடசாலை நுணுக்குக்காட்டியே போதும். ஒரு குழி என்றால் ஒரு துணிக்கை.

பீற்றாவும் காமாவும் இதே பிளாஸ்டிக்கில் குழி விடுவதில்லை. அவற்றின் வழியில் காயம் அவ்வளவு நெருக்கமாக விழுவதில்லை. அட்டவணையின் முதல் வரி இதுதான், கண்ணுக்கு முன்னால்.

இது புதிய சங்கதியும் அல்ல. 1958இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் யங் என்பவர், யுரேனியம் பிளவுபட்டுச் சிதறிய துண்டுகளின் தடங்களை இலிதியம் புளோரைட்டுப் பளிங்கில் இப்படித்தான் அரித்துக் காட்டினார். சந்திரனுக்குப் போய் வந்த அப்பலோ வீரர்களின் தலைக்கவசப் பிளாஸ்டிக்கிலும் அண்டக்கதிர்களின் தடங்களைத் தேடி எடுத்தார்கள்.

கோஸ்டிக் சோடாவைச் சூடாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. மண்ணிலிருந்து வரும் றேடன் வாயுவை அளக்க, உலகெங்கும் வீடுகளில் இந்தத் துண்டுகளைச் சில மாதம் வைக்கிறார்கள். மின்சாரம் தேவையில்லை (மின்வெட்டுக் காலத்தை மறந்திருக்க மாட்டோம்). ஒரு தவணைக்கு வகுப்பறையில் ஒரு துண்டு இருக்கட்டும். அரிக்கும் வேலையைப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்று செய்து தரட்டும். குழிகளை எண்ணும் வேலை பிள்ளைகளுடையது.

பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைகளில் இருக்கும் நண்பர்கள் இதற்கு என்ன செலவாகும் என்று கீழே எழுதுங்கள். துண்டு வைக்க எங்கள் வகுப்பறை தயார்.