கடைசிக் கையெழுத்து யாருடையது?

கேரள உள்ளாட்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பஞ்சாயத்தின் அதிகாரம் பற்றிய மடல் இது. ஆனால் பழைய சென்னைச் சட்டமன்றத்தின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தின் ஒரு தாலுகா. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது.

1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த அந்த மன்றத்தில் 98 பேர் தேர்தலில் வென்று வந்தவர்கள். சொத்தும் வரியும் உள்ளவருக்கே வாக்கு. 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. அப்படியிருந்தும் 1921-இல் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்த மன்றம் அது. அந்தப் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கோளாறு வேறிடத்தில் இருந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள்தாம் அமைச்சர்களிடம் வந்தன. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் எல்லாம் ஆளுநர் கையிலேயே தங்கிவிட்டன. இரட்டையாட்சி என்று அதற்குப் பெயர்.

மலபார்க் குடியானவர்களுக்கு அதன் பொருள் 1926-இல் விளங்கியது. காணம் என்ற பன்னிரண்டு ஆண்டுக் குத்தகை முடிந்ததும் ஜன்மி, அதாவது நிலவுடைமையாளர், அதே நிலத்தை வேறொருவருக்கு மேல்சார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம். அதுவரை பாடுபட்டவன் வெளியேற வேண்டியதுதான். அதைத் தடுக்க எம். கிருஷ்ணன் நாயர் கொண்டுவந்த குத்தகைதாரர் உரிமை மசோதாவை மன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் கோஷன் பிரபு ஒப்புதல் மறுத்தார். பிறகு ஒரு விசாரணைக் குழு, மறுபடி விவாதம். 1930-இல் சட்டம் வந்தபோது காணக்காரருக்கு ஓரளவு பயன் கிடைத்தது. வெறும் குத்தகைக்கு உழுத வெறும்பாட்டக்காரருக்குக் கிடைத்தது சொற்பம்.

1937-இல் எல்லாத் துறைகளும் அமைச்சரவையிடம் வந்ததும் நிலைமை மாறியது. மறு வருடமே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் மலபார் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தன. உறுப்பினர்கள் திடீரென்று அறிவாளிகள் ஆகிவிடவில்லை, முடிவெடுக்கும் இடம் மாறியது. அதுவும் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. 1946 வரை ஆளுநரே ஆண்டார்.

அமைச்சர் அவர்களே, அந்த இரட்டையாட்சியின் சாயலை எங்கள் மாவட்டத்தில் இன்றும் பார்க்கிறேன். 2003-இல், நிலத்தடி நீர் வற்றுகிறது என்று, பெருமாட்டிப் பஞ்சாயத்து பிளாச்சிமடைக் கோக்க கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு எங்கள் புதுசேரிப் பஞ்சாயத்து கஞ்சிக்கோட்டுப் பெப்சி ஆலையின் உரிமத்தை ரத்து செய்தது. தொழிற்பகுதிக்குள் இருக்கும் ஆலைமேல் பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று பின்னர் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1999-ஆம் ஆண்டின் ஒற்றைச் சாளர அனுமதி, தொழில் நகரியச் சட்டம் அப்படி இருக்கிறது. ஆலையால் பாதிக்கப்பட்ட பிளாச்சிமடை மக்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011-இல் கேரளச் சட்டமன்றமே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. 1926-இல் மலபார்க்காரர்கள் பட்ட ஏமாற்றம்தான் இதுவும். அன்று மறுத்தவர் அந்நிய ஆளுநர் என்பது ஒன்றே வித்தியாசம்.

தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே பல குடும்பங்களுக்கு அவைதான் சோறு. ஆனால் மழை குறைந்த இந்தக் கிழக்குப் பகுதியில், கிணறு வற்றினால் ஜனங்கள் முதலில் போய் நிற்பது வார்டு மெம்பர் வீட்டு வாசலில். அவரோ ஆலையின் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்க முடியும், முடிவெடுக்க முடியாது.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, தொழிற்பகுதிக்குள் நிலத்தடி நீர் எடுக்கும் அனுமதியைப் பஞ்சாயத்தின் சம்மதத்துக்கு உட்படுத்துங்கள். பிளாச்சிமடை இழப்பீட்டுக்கு மாநில அளவிலேயே வழி தேடி, அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே அதை முன்வையுங்கள்.

இப்படிக்கு,
கஞ்சிக்கோட்டு வாக்காளர் ஒருவர்