மாதர் நலம்: பருத்த கால்கள் பழிக்குரியன அல்ல

காலைப் பெரட்டு முடிந்து மலையேறும் நமது தோட்டத்துப் பெண்மணிகள் மாலை வரையில் சரிவிலே நின்று கொழுந்து பறிக்கின்றனர். வீடு திரும்புகையில் கால் கனத்து வலிப்பது இயல்பே. ஆயின் சிலருக்கு அவ்வலிக்கு வேறொரு காரணமும் உண்டு. இடுப்புக்குக் கீழே இரு கால்களும் ஒன்றுபோலப் பருத்திருக்கும். பாதங்கள் மட்டும் பருப்பதில்லை. அழுத்தினால் நோகும், இலேசாக இடித்தாலும் கன்றிவிடும்.

இந்நோயின் பெயர் லிப்பிடீமா. 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்னும் வைத்தியர்கள் இதனை விவரித்து இப்பெயரிட்டனர். தோலுக்கடியிலுள்ள கொழுப்பு முறைகேடாகப் பெருகுவதே இதன் தன்மை. பெரும்பாலும் பெண்களையே பற்றும் இது, பூப்பு, கருப்பம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றில் தலைகாட்டும். தாய்க்கு இருப்பின் மகளுக்கும் வருவதுண்டு. பட்டினி கிடந்தால் முகமும் மேனியும் வாடுமேயன்றிக் கால் அவ்வளவாக மெலிவதில்லை. ஆதலின், "தின்று கொழுத்தவள்" என்று லயத்திலே ஏளனம் பேசுவது பெரும் அநீதியாகும்.

இஃது யானைக்கால் நோயும் அன்று. அந்நோய் கொசுவினாற் பரவுவது; அதில் பாதமும் வீங்கும். இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதவாறு ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் சான்றளித்தது. லிப்பிடீமாவோ எவருக்கும் தொற்றாது.

இதனை அடியோடு நீக்கும் மூலிகை எதுவும் இல்லை. நமது வல்லாரைச் சம்பல் நல்ல உணவு. ஆனால் அது இக்கொழுப்பைக் கரைக்குமென்று எண்ணி, வல்லாரை மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் விழுங்குதல் தகாது. வேதனை தணிய எளிய வழிகள் சில உள. தேநீரில் சீனியைக் குறைத்து, கீரையும் பருப்பும் மிகுதியாக உண்ணலாம். மாலையில் கால்களைத் தலையணை மீது உயர்த்தி வைத்துச் சிறிது நேரம் படுத்திருக்கலாம். எண்ணெயை மெல்லத் தடவலாம்; அழுத்திப் பிசைந்தால் கன்றும். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரமின்றித் துடைத்தல் அவசியம். வைத்தியர் அளவெடுத்துத் தரும் இறுக்கக் காலுறை பலருக்கு ஆறுதலளிக்கும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ சிறிதும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். மற்றையோரும் தோட்ட மருந்தகத்தோடு நின்றுவிடாது, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களிற் காட்டி, நோய் இன்னதெனத் தெளிதல் நன்று.

மாமியாரும் கணவன்மாரும் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. மாலையில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் தாமே சுமந்து, அவளை அரைமணி நேரம் கால் நீட்டி இருக்கவிடுதலே அது. மூலிகைக்கு முன்னே அவளுக்கு வேண்டுவது அந்த ஓய்வன்றோ!