வயலைக் காப்பவர் யார்?

கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகளுக்கு அருகே இன்றும் நெல் விளைகிறது. வயலைத் தூர்ப்பதை 2008ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2020இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, வயலைக் காப்போருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் ராயல்டி வழங்கத் தொடங்கியது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது நிலவுடைமையாளருக்குரியது. ஒன்றிய அரசின் 6,000 ரூபாய் கிசான் நிதியும் அவ்வாறே. 1970 ஜனவரி 1இல் நாம் ஒழித்த குத்தகை, இன்று வாய்மொழியாக மீண்டிருக்கிறது. சேற்றில் இறங்குபவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நிலச்சீர்திருத்தத்தின் பெருமையைப் பேசும் நாம் இதைப் பேசத் தயங்கலாகாது. தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்குத் தமிழிலேயே எழுதலாம் என்பது கேரளச் சட்டம். இதை அறிந்தவர் குறைவு. கிளைத் தோழர்கள் வீடுவீடாகச் சென்று குத்தகைச் சாகுபடியாளர் பட்டியலைத் திரட்டி, ராயல்டியில் அவர்களுக்கும் பங்கு கோரித் தமிழிலேயே மனு அனுப்பட்டும். அடுத்த நடவுக்கு முன்பே அனுப்பட்டும்.